37 வயசுல எந்த டிகிரி? நான் ஏறி எறங்குன இடத்துக்கெல்லாம் ஒரு ரிவ்யூ

திருப்பூர்ல ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனில மெர்ச்சண்டைசரா இருக்கனுங்க. பி.காம். முடிச்ச கையோட இந்த லைனுக்கு வந்தது, பையர் மெயில், டெக் பேக், சாம்பிள் அப்ரூவல், ஷிப்மென்ட் டேட்டுன்னு அப்படியே ஓடிருச்சு. இனிமே டேட்டா சைடு போலாம்னு ஒரு எண்ணம், அதுக்கு டிகிரி வேணுமா வேண்டாமா, வேணும்னா எது, எங்க படிக்கறதுன்னு நாயா அலைஞ்சு கடைசில ஐஐடி மெட்ராஸோட ஆன்லைன் பி.எஸ். டேட்டா சயின்ஸ்ல சேர்ந்து ஃபவுண்டேஷன் முடிச்சு இப்ப டிப்ளமால இருக்கேன். ஆபீஸ்ல ஃப்ரெண்ட்ஸ்ல சொந்தத்துல யாராவது ஒருத்தர் வாரா வாரம் "அக்கா அது எப்படி இருக்கு, நானும் சேரட்டுமா"ன்னு கேக்கறாங்க, ஒவ்வொருத்தருக்கும் வாய்ஸ் நோட் போட்டு முடியல, அதான் மொத்தமா எழுதிடறேன். நான் சேர்ந்தது மட்டும் இல்ல, சேராம விட்டதும் சேர்த்து.

மொதல்ல இந்த கன்சல்டன்சி கதை. பேரு வேண்டாம், எல்லா ஊர்லயும் இதே மாதிரி ஒண்ணு இருக்கும். கீழ ஜெராக்ஸ் கடை, மாடில ஏசி ரூம், செவுத்துல வட இந்திய யுனிவர்சிட்டி பேரா வரிசையா ஒட்டி, கோட்டு போட்டு பட்டம் வாங்கற மாதிரி போட்டோ. உள்ள போய் உக்காந்ததும் டீ குடுத்தாங்க, நல்ல டீதான். "எந்த டிகிரி வேணும்"னு கேப்பாங்கன்னு பாத்தா "எந்த வருஷத்து டிகிரி வேணும் மேடம்"னு கேட்டாங்க! எனக்கு ஒரு நிமிஷம் புரியல. ஒன் சிட்டிங்காம், மூணு வருஷத்து பேப்பரையும் ஒரே தடவைல எழுதிடலாமாம், எழுதக்கூட நேர்ல வர வேண்டாமாம், "அதெல்லாம் நாங்க பாத்துக்கறோங்க்கா, உங்களுக்கு டென்ஷனே வேண்டாம்". பழைய தேதி போட்ட சர்டிஃபிகேட்டுக்கு ரேட் தனி. ஒரு எம்.சி.ஏ.வுக்கு என்ன சிலபஸ்னு கேட்டேன், அந்தப் பொண்ணு உள்ள போய் கேட்டுட்டு வந்து "சிலபஸ் அட்மிஷன் போட்டதும் அனுப்புவோம்"னுச்சு. ரேட்டிங் கேட்டீங்கன்னா டீக்கு மட்டும் ஒரு ஸ்டார்.

இந்த மாதிரி இடத்துல காசு கட்டறதுக்கு முன்னாடி பாக்க வேண்டியது ரெண்டே விஷயம்தான், யுஜிசியோட தொலைதூரக் கல்விப் பிரிவு டெப் (DEB), அதோட சைட்டுல அந்த யுனிவர்சிட்டி, அந்த கோர்ஸ், இந்த வருஷத்துக்கு அனுமதி இருக்கான்னு தேடிப் பாருங்க, யுனிவர்சிட்டி பேரு இருந்தா மட்டும் பத்தாது கோர்ஸ் பேரும் இருக்கணும். இன்னொண்ணு, தொலைதூரக் கல்வில ஃபிரான்சைஸ் சென்டர் வெச்சு நடத்தவே யுஜிசி அனுமதிக்கறதில்ல, ஸ்டேட் யுனிவர்சிட்டின்னா தன்னோட மாநிலத்தைத் தாண்டி தொலைதூர சென்டரும் போட முடியாது. அப்ப எங்கயோ இருக்கற ஸ்டேட் யுனிவர்சிட்டிக்கு திருப்பூர் மாடில "ஸ்டடி சென்டர்"னு போர்டு இருந்தா அங்கயே கதை முடிஞ்சுதுங்க. இப்ப 2024-லேருந்து தொலைதூரம், ஆன்லைன் ரெண்டுக்கும் சேரும்போது டெப் ஐ.டி.ன்னு ஒண்ணு நாமளே யுஜிசி சைட்டுல எடுக்கணும், அதைக் கேக்காம அட்மிஷன் போடறேன்னு சொன்னா எந்திரிச்சு வந்துருங்க.

பெரிய பிரைவேட் யுனிவர்சிட்டிங்களோட ஆன்லைன் எம்.பி.ஏ., எம்.சி.ஏ. எல்லாம் இந்த போலி கணக்குல வராது, அது வேற. ஆன்லைன்ல டிகிரி குடுக்கணும்னா தர மதிப்பீடு பண்ற நாக் குடுக்கற ஸ்கோர், மத்திய அரசோட என்.ஐ.ஆர்.எஃப். ரேங்க்னு தகுதி வெச்சிருக்காங்க, அந்த வடிகட்டல்ல தேறினதுதான் நடக்குது, ரெகுலர் டிகிரிக்கு சமம்னு யுஜிசியே 2022-ல சொல்லிருச்சு. பிரச்சனை அவங்க சேல்ஸ் டீம். நம்பரை ஒரு எடத்துல போட்டா போதும், லைன்ல சாம்பிள் ரிஜெக்ட் ஆகி நான் தலைல கை வெச்சு நிக்கறப்ப கூப்புட்டு "மேடம் ஸ்காலர்ஷிப் இன்னைக்கு நைட்டோட க்ளோஸ்"ங்கறாங்க. அடுத்த வாரமும் அதே நைட்டு வரும். ஃபீஸ் லட்சத்துல போகுது, பாதிப் பேரு இ.எம்.ஐ. போட்டு சேர்றாங்க, யோசிச்சுக்கோங்க.

சரி, எதைப் படிக்கறதுங்கற மேட்டருக்கு வர்றேன். எல்லாரும் "எந்த டிகிரிக்கு ஸ்கோப்"னு ஆரம்பிக்கறாங்க, நானும் யூட்யூப்ல அதைத்தான் பாத்துட்டு இருந்தேன். எங்க சித்தி பொண்ணு ஒருத்தி, பிரைவேட் பேங்க்ல இருந்தவ, அவதான் வேற மாதிரி கேட்டா. "அக்கா, நீ போகப்போற வேலைக்கு வாசல்ல நின்னு எந்த பேப்பரை கேக்கறாங்கன்னு பாரு, அதுலேருந்து பின்னாடி வா"ன்னு. அவ வக்கீல் ஆகணும்னு முடிவு பண்ணா. ஏற்கனவே டிகிரி முடிச்சவங்க வக்கீல் ஆகணும்னா மூணு வருஷ எல்.எல்.பி., அதுவும் ரெகுலர் காலேஜ்தான், தொலைதூரத்துல எல்.எல்.பி. படிச்சு கோர்ட்டுக்குள்ள போக முடியாது. முடிச்சு பார் கவுன்சில்ல என்ரோல் பண்ணி ஏ.ஐ.பி.இ.ன்னு வக்கீலுங்களுக்கான தகுதிப் பரிச்சையும் பாஸ் பண்ணணும். அட்டெண்டன்ஸ் 70 சதவீதம்னு ரூல், 2024 செப்டம்பர்ல பார் கவுன்சில் ஆஃப் இந்தியா இன்னும் இறுக்கி, கைரேகை அட்டெண்டன்ஸ் வைங்க, கூடவே வேற ரெகுலர் டிகிரி படிக்கலன்னும் வேலையில இருந்தா ஆபீஸ்ல என்.ஓ.சி. வாங்கியாச்சான்னும் எழுதி வாங்குங்கன்னு காலேஜுங்களுக்கு சர்குலரே போட்டாங்க. பேங்க்ல டார்கெட் ஓட்டிட்டே காலேஜும் போலாங்கறது நடக்காதுன்னு தெரிஞ்சதும் வேலையை விட்டுட்டா. மூணு வருஷம் சம்பளம் இல்லாம ஓட்டற அளவுக்கு வீட்டுல கையில இருந்துச்சு, அவளுக்கு சரி. எனக்கு ஹவுசிங் லோன் இருக்கு, நான் அந்தப் பக்கமே எட்டிப் பாக்கல.

இதே கணக்கை மத்ததுக்கும் போட்டுப் பாத்தா பாதி ஆசை தானா விழுந்துரும். எங்க எச்.ஆர். மேடம் கவுன்சிலிங் பக்கம் போலாம்னு சைக்காலஜி கரஸ்ல படிக்க இருந்தாங்க. 2025 ஜூலை-ஆகஸ்ட் பேட்ச்லேருந்து சைக்காலஜி, நியூட்ரிஷன், மைக்ரோபயாலஜி, பயோடெக் இதெல்லாம் தொலைதூரத்துலயும் ஆன்லைன்லயும் புதுசா ஆள் சேர்க்கக்கூடாதுன்னு யுஜிசி நிறுத்திருச்சு. இன்னமும் "சைக்காலஜி டிஸ்டன்ஸ் அட்மிஷன் ஓப்பன்"னு எவனாவது மெசேஜ் போட்டா நம்பாதீங்க. அதுவும் போக கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட்னு போர்டு போடணும்னா எம்.ஏ. மட்டும் பத்தாது, ஆர்.சி.ஐ.ன்னு ரீஹாபிலிடேஷன் கவுன்சில் ஆஃப் இந்தியா பதிவு வேணும், அதுக்கான படிப்பு தனி. டீச்சர் வேலைக்கு பி.எட்., அது ரெண்டு வருஷம், இக்னோல (இந்திரா காந்தி ஓப்பன் யுனிவர்சிட்டி) கரஸ்ல இருக்கேன்னு சந்தோஷப்பட்டு போய்ப் பாத்தா ஏற்கனவே டீச்சர் ட்ரெயினிங் முடிச்சவங்களுக்கு மட்டும்தான். புதுசா டீச்சர் ஆகப்போறவங்களுக்கு அந்தக் கதவு இல்ல.

எங்க யூனிட்ல கட்டிங் மாஸ்டர் அண்ணன் ஒருத்தர், பத்தாவதோட நின்னவரு, டி.என்.பி.எஸ்.சி. எழுதணும்னு பிளஸ் டூ எழுதாம நேரா ஓப்பன் யுனிவர்சிட்டி டிகிரி வாங்கலாம்னு இருந்தாரு. நான்தான் புடிச்சு நிறுத்தினேன். 2009-ல வந்த அரசாணை 107 இருக்குங்க, பத்தாவது, பிளஸ் டூ, அப்பறம் டிகிரின்னு வரிசையா இருந்தாதான் தமிழ்நாடு அரசு வேலைக்கு அந்த டிகிரி செல்லும். மொதல்ல பிரைவேட்டா பிளஸ் டூ எழுதுங்கண்ணான்னு சொன்னேன், மூஞ்சி சுருங்கிப் போச்சு, ஆனா இப்ப எகனாமிக்ஸ் புக்கை டேபிள் கீழ வெச்சு படிக்கறாரு.

என் விஷயத்துல வாசல்ல என்ன கேக்கறாங்க? டேட்டா அனலிஸ்ட் வேலை விளம்பரத்தை எடுத்து பாத்தா "எனி டிகிரி"ன்னு நெறைய போட்டிருக்கான், அந்த எனி டிகிரி என்கிட்ட ஏற்கனவே பி.காம்.னு இருக்கு. அப்ப எனக்கு வேண்டியது பேப்பரை விட கணக்கும் கோடிங்கும்தான். ஆனா ஸ்கில்லு மட்டும் போதும்னு நானே வீட்டுல படிப்பேன்னா, படிக்க மாட்டேன், என்னைப் பத்தி எனக்குத் தெரியும், தேதி போட்டு பரிச்சை வெச்சாதான் புக்கு எடுப்பேன். அதனால இக்னோவும் ஐஐடியும் ரெண்டையும் தட்டுல வெச்சேன்.

இக்னோ பத்தி நல்லாத்தான் சொல்லுவேன். 1985-லேருந்து நடக்குது, ஃபீஸ் கம்மி, ஜனவரி ஜூலைன்னு வருஷத்துக்கு ரெண்டு தடவை சேரலாம், ஜூன்லயும் டிசம்பர்லயும் பரிச்சை. அவங்க பாடப் புத்தகம் எல்லாம் ஈ-ஞானகோஷ்னு ஒரு சைட்ல ஃப்ரீயா கெடக்கு, அட்மிஷனே போடாம யாரு வேணா எடுத்துப் படிக்கலாம், ஒரு கோர்ஸ் நமக்கு ஒத்து வருமான்னு பாக்க இதை விட நல்ல வழி இல்ல. நான் எம்.சி.ஏ. புக்கு ரெண்டு இறக்கிப் படிச்சேன், கெட்டியா இருக்கு, சுத்தி வளைக்காம நேரா போகுது. ஆனா வாரா வாரம் கழுத்துல உக்காந்து படிக்க வைக்க ஆள் இல்ல, அசைன்மென்ட்டு எழுதி குடுக்கணும், மத்தபடி நீங்களாச்சு உங்க மனசாட்சியாச்சு. புரமோஷனுக்கு ஒரு முதுகலை வேணும், அரசு வேலையில இருக்கேன், தானா படிச்சுக்குவேன்னு இருக்கறவங்களுக்கு கண்ணை மூடிட்டு 4 ஸ்டார். எனக்கு 3 தான், அது என் சோம்பேறித்தனத்துக்கு.

இப்ப ஐஐடி பி.எஸ். 2020-ல ஆரம்பிச்சாங்க. ஜே.இ.இ. வேண்டாம், வயசு வரம்பு இல்ல, பிளஸ் டூ பாஸ் பண்ணி பத்தாவதுல மேத்ஸும் இங்கிலீஷும் படிச்சிருந்தா போதும். அதுக்காக சும்மா உள்ள விட்டுருவாங்கன்னு நெனைக்காதீங்க. நாலு வாரம் பாடம் நடத்தி, அசைன்மென்ட்டுல குறைஞ்சபட்ச மார்க் வாங்குனவங்களுக்கு மட்டும் நேர்ல ஒரு குவாலிஃபையர் பரிச்சை, அதுல தேறினாதான் அட்மிஷன். எனக்கு இந்த முறை ரொம்ப புடிச்சிருந்துச்சு, பெரிய ஃபீஸைக் கட்டறதுக்கு முன்னாடியே நம்மால முடியுமா முடியாதான்னு தெரிஞ்சுரும். நம்ம டிரேட்ல பல்க் ஆர்டருக்கு முன்னாடி சாம்பிள் போட்டுப் பாக்கற மாதிரிதான்.

ஃபவுண்டேஷன், டிப்ளமா, டிகிரின்னு படிப்படியா போகும், எந்தப் படில இறங்கினாலும் அதுக்கு ஒரு சர்டிஃபிகேட் உண்டு, 114 கிரெடிட்டுல பி.எஸ்ஸி., 142-ல நாலு வருஷ பி.எஸ். கொழந்தைக்கு பரிச்சை, மாமியாருக்கு ஆஸ்பத்திரி, சீசன் டைம்ல ஷிப்மென்ட்னு நமக்கு எது எப்ப வரும்னு தெரியாது, அதனால பெரியவங்களுக்கு இந்த எறங்கற வசதி முக்கியம். ஒரு டெர்ம்ல ஒரே ஒரு பேப்பர் கூட எடுத்துக்கலாம், கட்டணமும் எடுக்கற கோர்ஸுக்கு ஏத்த மாதிரிதான். நான் சேர்ந்தப்போ ஃபவுண்டேஷன் 32 கிரெடிட்டுக்கு 32 ஆயிரம், மேல போகப் போக கிரெடிட் விலை ஏறும். சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ் வெச்சு 50, 75 சதவீதம் வரைக்கும் குறைப்பு இருக்கு, தாசில்தார் ஆபீஸ் வேலையை முன்னாடியே முடிச்சு வெச்சுக்கோங்க, கடைசி நேரத்துல ஓடாதீங்க.

பாடம் எப்படின்னா, காம்ப்யூட்டேஷனல் திங்கிங்னு ஒரு பேப்பர், மொதல் வாரம் பாத்து நான் சிரிச்சுட்டேன். கம்ப்யூட்டரையே தொடல, கார்டு கட்டு ஒண்ணை வெச்சுக்கிட்டு, ஒவ்வொரு கார்டும் ஒரு கடை பில்லு, அதை ஒண்ணொண்ணா எடுத்துப் பாத்து இந்தக் குவியல்லேருந்து அந்தக் குவியலுக்கு மாத்தி அதிகமா வாங்குன ஆள் யாருன்னு கண்டுபுடிக்கறாங்க. புரோகிராம்னா என்னன்னு அந்தக் கார்டுலயே புரிஞ்சு போச்சு, பின்னாடி பைத்தான் வந்தப்போ பயமே இல்ல. மேத்ஸ் 1 தான் மூச்சு முட்டுச்சு, ஃபங்ஷன், லாக், கிராஃப் தியரின்னு, பி.காம். ஆளுங்க இதுக்குன்னு தனியா நேரம் ஒதுக்கிக்கோங்க. வாரத்துக்கு ஒரு பேப்பருக்கு 10 மணி நேரம்னு அவங்களே சொல்றாங்க, அது சும்மா சொல்றதில்ல, நெஜமாவே ஆகுது. வேலைக்குப் போறவங்க ஆசைப்பட்டு ஒரே டெர்ம்ல நாலு பேப்பர் எடுக்கறதெல்லாம் வேண்டவே வேண்டாம், ரெண்டு போதும்.

ஒரு விஷயம் மட்டும் சொல்லியே ஆகணும். கார்மென்ட்ல ஃபைனல் இன்ஸ்பெக்‌ஷன் ஏ.க்யூ.எல். 2.5-ல பண்ணுவோம் (எவ்வளவு டிஃபெக்ட் வரைக்கும் ஏத்துக்கலாம்ங்கற அளவு), 2000 பீஸ் லாட்டுன்னா 125 பீஸ் உருவிப் பாப்பாங்க, 7 மேஜர் டிஃபெக்ட் வரைக்கும் பாஸ், 8 ஆச்சுன்னா ஃபெயில். இந்த 125-ம் 7-ம் எங்கேருந்து வந்துச்சுன்னு இத்தனை வருஷத்துல நான் கேட்டதும் இல்ல யாரும் சொன்னதும் இல்ல, சார்ட்டுல இருக்கு, அவ்வளவுதான். ஸ்டாட்ஸ் 1 கடைசில பைனாமியல் வந்துச்சு, இத்தனை பீஸ் எடுத்தா அதுல இத்தனை டிஃபெக்ட் வர வாய்ப்பு எவ்வளவுன்னு சொல்ற கணக்கு. ஒரு நாள் நைட்டு உக்காந்து இந்த 125-ஐ அதுல போட்டுப் பாத்தேன். லாட்டுல நெஜமாவே 2.5 சதவீதம் டிஃபெக்ட் இருந்தா 98 சதவீதத்துக்கு மேல பாஸ் ஆகுது, சரி. 5 சதவீதம் டிஃபெக்ட் இருக்கற லாட்டைப் போட்டேன், அதாவது அலவன்ஸை விட ரெண்டு மடங்கு மோசமான லாட்டு, அதுவும் பத்துக்கு ஏழு தடவை பாஸ் ஆயிருது! மறுநாள் க்யூ.சி. அண்ணன்கிட்ட காட்டினேன், அவரு பேப்பரையே கொஞ்ச நேரம் பாத்துட்டு "இதை பையர்கிட்ட காட்டிராதீங்க மேடம்"னாரு. அந்த நைட்டுக்கே நான் கட்டுன ஃபீஸ் சரியாப் போச்சு.

டிப்ளமால பிசினஸ் டேட்டா மேனேஜ்மென்ட்னு ஒரு பேப்பரும் அதுக்கு ஒரு புராஜெக்டும் இருக்கு, நெஜமான ஒரு சின்னத் தொழிலுக்குப் போய் அவங்க டேட்டாவை வாங்கி அலசி ரிப்போர்ட் குடுக்கணும். சின்னப் பசங்க கடை கடையா ஏறி "அண்ணா உங்க கணக்கு நோட்டு தருவீங்களா"ன்னு கெஞ்சறாங்க பாவம். நமக்கு இங்க அந்தக் கஷ்டம் இல்ல, தெருவுக்கு ஒரு ஜாப் ஒர்க் யூனிட்டு, பாதி பேரு மாமா மச்சான். வேற லைன்லேருந்து வர்ற வயசான ஆளுங்களுக்கு இந்த கோர்ஸ்ல எங்கயாவது லாபம் இருக்குன்னா அது இங்கதான், சின்னப் பசங்களுக்கு கோடிங் வேகமா வரும், எந்த நம்பரு பொய் சொல்லுதுன்னு நமக்குத் தெரியும்.

குறைன்னு பாத்தா, கிளாஸ் வீடியோதான் ஆனா ரெண்டு குவிஸ்ஸும் எண்ட் டெர்மும் நேர்ல சென்டருக்குப் போய் எழுதணும், ஞாயித்துக்கெழமைல. நான் கோயமுத்தூர் போறேன். வருஷத்துக்கு மூணு டெர்ம், கணக்கு போட்டுக்கோங்க, எத்தனை கல்யாணம் காதுகுத்து போகும்னு. ஆன்லைன் டிகிரின்னா வீட்டுல உக்காந்து பாத்து எழுதலாம்னு நெனைக்கறவங்களுக்கு இது செட் ஆகாது. ஆனா அந்த சென்டர் பரிச்சை இருக்கறதாலதான் இந்த மார்க்குக்கு ஒரு மதிப்புங்கறது என் எண்ணம். பாடம் இங்கிலீஷ்ல, தமிழ் மீடியம் ஆளுங்களுக்கு மொதல் டெர்ம் தெணறும், அப்பறம் பழகிரும். இன்னொண்ணு, ஐஐடி பேரு இருக்குன்னு அந்த பி.டெக். பசங்களோட கேம்பஸ் பிளேஸ்மென்ட்டுல நம்மளையும் உக்கார வைப்பாங்கன்னு கனவு காணாதீங்க, இந்த புரோகிராமுக்கு பிளேஸ்மென்ட் செல் தனி. 37 வயசு ஃப்ரெஷர்னு ரெஸ்யூமே போட்டா எந்தக் கம்பெனியும் மாலை போட்டு கூப்பிடாது, இதையும் சொல்லிடணும்ல.

நான் என்ன பண்ணேன்னா வெளிய தேடறதை விட்டுட்டு உள்ளயே நகந்தேன். எங்க கம்பெனில பிளானிங் டீம்ல ஸ்டைல் வாரியா ஃபேப்ரிக் கன்சம்ப்ஷன், லைன் எஃபிஷியன்ஸி எல்லாம் எக்செல்ல ஒருத்தர் நாள் முழுக்க காப்பி பேஸ்ட் பண்ணிட்டு இருந்தாரு, அதை பைத்தான்ல எழுதிக் குடுத்தேன், இப்ப பாதி நேரம் பிளானிங்கு பாதி மெர்ச்சண்டைசிங்கு. சம்பளம் பெருசா ஏறல, போர்டு மட்டும் மாறியிருக்கு. டிகிரி முடிச்சா மாறுமான்னு கேட்டா, பாக்கலாம்ங்க.

மொத்தத்துல 5-க்கு 4. ஒரு ஸ்டார் ஞாயித்துக்கெழமைக்காக கட்டு. ஆறு மாசத்துல வேலை மாறியே ஆகணும்னு நெலமை இருக்கறவங்க இதுல சேராதீங்க, எஸ்.க்யூ.எல்.லும் பவர் பி.ஐ.யும் ஒழுங்கா கத்துக்கிட்டு இன்டர்வியூ போங்க, அது சீக்கிரம். டிகிரியே இல்லாதவங்க, பி.எஸ்ஸி. லெவல்ல எறங்கற கணக்கோட சேருங்க. ஏற்கனவே எங்கயாவது ரெகுலர்ல படிச்சுட்டு இருக்கறவங்களும் சேரலாம், ரெண்டு டிகிரி ஒரே நேரத்துல படிக்க 2022-லேருந்து யுஜிசி அனுமதி இருக்கு, லா படிக்கறவங்க மட்டும் காலேஜ்ல கேட்டுட்டு செய்ங்க. வேற ஏதாச்சும் தெரியணும்னா கேளுங்க, குவிஸ் வாரத்துல மட்டும் பதில் லேட்டாகும்.